பிளெக்ஸின் கடைசி வரி

முகேஷ்குமார் பிளெக்ஸை மின்கம்பத்தில் இழுத்துக் கட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் தெரு அதை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்திருந்தது. நடுவில் அவனுடைய பெரியப்பா பொம்மையன், தான் எழுதிய ‘தொட்டில் வேண்டாம்’ புத்தகத்தைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. காலடியில், ரோஜாப் பூக்களுக்கு நடுவே: ‘ஆறாத் துயரில் வாடும் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள்.’

“சேசுவே! இம்புட்டுப் பேரையும் இந்த மனுசன் எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு?” என்றாள் பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள்.

பந்தலில் இருந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் இருமினார்கள்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னழகுக்கு வாசல் வழியே அந்த வரி மட்டும் சரியாகத் தெரிந்தது. படத்திலிருந்த கணவரின் முகத்தை வாசல் நிலையின் மேல்சட்டம் மறைத்தது.

பொம்மையன் சாதாரண ஆளில்லை. ஒரு பிள்ளை பிறந்தால் தன் ஊரான அகரத்துக் கிணறு ஒரு முழம் இறங்கும் என்று எழுதியவர். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தியும் அசராதவர். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் மைக்கைப் பிடித்து நிலத்தடி நீரைப் பற்றிப் பேசி, பந்தியில் இலை போடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர். அவருக்குச் ‘சூழலியல் சிந்தனையாளர்’ என்று பட்டம். பொன்னழகுக்கும் தெரு ஒரு பட்டம் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே சொல்லாது, அவ்வளவுதான். விசேஷ வீடுகளில் அவள் சந்தனக் கிண்ணத்துப் பக்கம் நகர்ந்தால் கிண்ணம் வேறொரு கைக்கு நகர்ந்துவிடும்.

முகேஷ்குமார் உள்ளே வந்து தலையைச் சொறிந்தான்.

“பிளெக்ஸ் கடைக்காரன் பழைய டிசைன்ல போட்டோவையும் பேரையும் மட்டும் மாத்திப்புட்டான் பெரியம்மா. அடியில அவங்ய வழக்கமா வைக்கிற வரி. அவசரத்துல நானும் பாக்கல.”

அவனுக்குப் பின்னாலேயே ஏஞ்சலின் வந்தாள். காந்திகிராமத்தில் படித்தவள், பொம்மையனின் வாசகர் வட்டத்தை நடத்துகிறவள். அழுது சிவந்த கண். கையில் வெள்ளைத் தாளும் பசையும்.

“ஐயாவுக்குப் பிளெக்ஸே ஆகாதும்மா. அதுல இந்த வரி வேற. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நாளைக்கு ஊரே சிரிக்கும். ஒட்டி மறைச்சிரலாம்.”

“ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?”

“ஆச்சும்மா. நாங்களும் ஐயா வழிதான்.”

“ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தீகளா?”

“பேசித்தாம்மா. புத்தகத்தோட மொதப் பக்கத்துலயே இருக்கே, ‘என்னோடு சேர்ந்து முடிவெடுத்த பொன்னழகுக்கு’ன்னு. உங்களைப் பாத்துத்தானே எங்களுக்குத் தைரியமே வந்துச்சு.”

பொன்னழகு தலையாட்டினாள்.

புத்தகம் அச்சுக்குப் போன சமயத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. சொன்னபோது அவர் சிவப்புப் பேனாவோடு பிழை திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “ஒன் இஷ்டந்தான் பொன்னு. ஆனா முன்னுரைய இனிமே நான் எப்பிடி மாத்துறது?” என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, நிற்க முடியாத நிலையிலும், பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போனவள் பூவில்லாமல் வந்தால் இஞ்ஞாசியம்மாள் விடமாட்டாள். இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவளுக்கு, அந்த ஒன்று மட்டும் தெரியாமலே போயிற்று. கொஞ்ச நாளில் புத்தகம் வந்தது, முதல் பக்கத்தில் அவள் பெயரோடு.

பொன்னழகு சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். இருமல்கள் நின்றன.

“முகேசு, ஸ்டூலைப் போடு. மருமக்களை மறை. பேரன் பேத்தியையும் மறைச்சிரு.”

அவன் ஏறி, தாளைக் கிழித்து ஒட்டினான். ஏஞ்சலின் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“மிச்சத்தையும் மறைச்சிரவா பெரியம்மா?”

“வேணாம். மகன்கள்ல அந்தக் ‘கள்’ள மட்டும் மறை. மகள்கள்லயும் அதே மாதிரி.”

முகேஷ்குமார் குனிந்து பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லுகிற முகமாக இல்லை. ரெண்டு சின்னத் துண்டுகளைக் கிழித்து ஒட்டினான்.

“அம்மா, ஐயாவுக்குத்தான்...” என்று ஆரம்பித்த ஏஞ்சலின், பொன்னழகின் கை வயிற்றின்மேல் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இஞ்ஞாசியம்மாள் கேட்பதற்கு வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள்.

பிளெக்ஸின் அடியில் இப்போது ‘ஆறாத் துயரில் வாடும் மகன், மகள்’ என்று மட்டும் இருந்தது.

“ரெண்டு இல்ல, முகேசு. ஒண்ணுதான்.”

அவன் இன்னொரு துண்டு கிழித்து, பசையைத் தடவினான். மகன் மேல் கொண்டுபோனான். மகள் மேல் கொண்டுபோனான்.

“எதை மறைக்கட்டும் பெரியம்மா?”

பொன்னழகு திரும்பி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

பசை தடவிய துண்டு முகேஷ்குமாரின் விரல் நுனியில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.