ரோஸ் சேலைக்கு அளவு

எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு எங்க ஊரு புக்கிட் ரம்பாய் பூரா தெரியும். ஜெயமணிகிட்ட துணி குடுத்தா திட்டையும் சேர்த்து வாங்கிட்டு வரணும்னு பேசிக்குவாங்க. பேசிட்டுப் போகட்டும். தையல் பிரிஞ்சுதுன்னு எவளாச்சும் என் கடைக்குத் திரும்பி வந்திருக்காளா? அது போதும் எனக்கு.

அன்னிக்கு வேலாயிக்கா வந்தப்பவும் நான் நல்ல மூட்ல இல்ல. காத்தாடி சுத்துது, காத்துதான் வரல. வேலாயிக்கா லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துல முப்பது வருசம் ரப்பர் மரம் சீவுனவங்க. மகன் கவிநேசனுக்கு இங்க ஃபேக்டரியில வேலை கெடைச்சதும் எங்க தாமான் குடியிருப்புக்கே வந்துட்டாங்க. உம்பாய் ஊர்ல தேவமலர்ங்கற பொண்ணப் பாத்து முடிவாகி, இன்னும் மூணு வாரத்துல பரிசம்.

பரிசத்தன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுத் தட்டுல வர்ற சேலையத்தான் பொண்ணு உள்ள போய்க் கட்டிக்கிட்டு வந்து சபையில உக்காரணும். இப்பெல்லாம் பிளவுசையும் தைச்சே கொண்டு போயிடறாங்க. அதுக்காகப் பொண்ணு வீட்டுலேர்ந்து ஒரு அளவு பிளவுஸ் கேட்டு வாங்கிக்குவாங்க.

வேலாயிக்கா பையிலேர்ந்து சேலைய எடுத்து மெசின் மேல விரிச்சாங்க. வெளிர் ரோஸ். பூவில்ல, கட்டமில்ல, மழமழன்னு ஒரே ரோஸ் பட்டு.

“எப்பிடி இருக்கு ஜெயா? தேவமலர் எப்பப் பாரு கறுப்புலயே திரியுதாம், எங்க கவிநேசன் தம்பி சொல்லுச்சு. அதான் பளிச்சுனு எடுத்தேன்.”

நான் அதே பையிலேர்ந்து பொண்ணு வீட்டு அளவு பிளவுச எடுத்தேன். கருநீலத்துல பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளி. அளவு பாக்க உள்பக்கம் திருப்பினேன், கை அப்படியே நின்னு போச்சு. ரெண்டு கக்கத்துலயும் துவாலைத் துண்ட மூணு மடிப்பா மடிச்சு, கழட்டித் துவைக்கிற மாதிரி அமுக்குற பட்டன் வச்சுப் பொருத்தியிருந்துச்சு. கைத்தையல்தான், ஆனா என் மெசின் தையல் தோத்துடும்.

இந்தப் பொண்ண நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா அந்தத் துண்ட பாத்ததும் அவ எப்படி உக்காருவா, எப்படி நடப்பான்னு எல்லாமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

வேர்வை எல்லாருக்கும்தான் வருது. எங்களுக்கு வர்றது வேற. ஏர்கோன் கீழ சும்மா உக்காந்திருந்தாலும் ஊத்தும். ஒடம்பு வாகு அப்படின்னு டாக்டர் சொல்லிட்டாரு. சேலைக் கடைக்குப் போனா மத்தவங்க முந்தானையத்தான் மொதல்ல பாப்பாங்க. நாங்க யாரும் பாக்காதப்ப விரல்ல எச்சியத் தொட்டுத் துணி ஓரத்துல வைப்போம். வெளிர் ரோஸ், வான நீலம், சாம்பல், இதெல்லாம் ஒரு சொட்டுக்கே காட்டிக் குடுத்துடும். கறுப்பு காப்பாத்தும். பொடிப் பூ காப்பாத்தும். அப்புறம் எங்கள மாதிரி ஆளுங்க டெய்லர்கிட்ட அளவு எடுக்க நேர்ல வரவே மாட்டோம். கையத் தூக்கணுமே!

ஆமா, எங்களுக்குன்னுதான் சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயசுல பொண்ணு பாக்க வந்தாங்க. அம்மா ஆசையா வான நீலத்துல கட்டிவிட்டாங்க. காப்பித் தட்டோட நான் வந்து நின்னதுமே மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல இருந்தவங்க காதுல, “பொண்ணுக்கு ஏதோ சீக்கு போல”ன்னாங்க. எனக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறம் யாரும் பாக்க வர நான் விடல. முப்பத்தஞ்சு வருசமா தொளதொளன்னு, பூப்போட்ட பாத்தேக் துணி அங்கியத்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன். ஜெயமணிக்கு பாத்தேக்னா உயிருன்னு ஊரே சொல்லுது.

அந்தப் பிளவுச மடிச்சு மடியில வச்சுக்கிட்டேன். “இந்த ரோஸ் வேணாம்கா. போட்டோவுல எடுக்காது.”

“ஏன் எடுக்காது? கடையில போட்டோ எடுத்துக் காட்டுனாங்களே.”

“கடைக்காரன் ஆயிரம் காட்டுவான். நான் சொல்றேன்ல, வேணாம்லா.”

“என் மருமகளுக்கு நான் ஆசப்பட்டு எடுத்தது. நீ யாரு வேணாம்னு சொல்ல?”

“அப்ப நான் தைக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க!”

கத்திட்டேன். பதிலுக்கு அவங்களும் கத்துவாங்கன்னு பாத்தா, அந்தம்மா ஸ்டூல்ல அப்படியே உக்காந்துட்டாங்க.

“தைக்காட்டி விடு. எனக்கே இந்தப் பரிசம் நடக்குமான்னு தெரியல.”

“என்னக்கா சொல்றீங்க?”

“அந்தப் புள்ளைக்கு எங்களப் பிடிக்கல, ஜெயா. பொண்ணு பாக்கப் போனன்னிக்கு ஏர்கோன் போட்ட வீட்டுல உக்காந்திருக்கோம். அது தட்ட நீட்டுது, கையில தண்ணி சொட்டுது. முதுகெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கு. ஆசையா கையப் பிடிச்சேன், வெடுக்குனு உருவிக்கிச்சு. போற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்துச்சு, ஒரு தடவ நிமிர்ந்து பாக்கல. போன்ல நல்லாத்தான் பேசுதுங்கிறான் தம்பி. போன்ல பேசுறது வேற. அவங்க வீட்டுல மெரட்டி உக்கார வச்சிருப்பாங்க போல. பயந்து நடுங்குற புள்ளய இழுத்துட்டு வர்ற பாவம் எனக்கு வேணாம். இந்தச் சேலையப் பாத்தாவது அது மொகம் தெளியுமான்னு ஒரு ஆச. நீ அதுவும் தைக்க மாட்டேங்கிற. ஞாயித்துக்கெழம நானே போய் நிப்பாட்டிடப் போறேன்.”

இது நான் சொல்ற ரகசியம் இல்ல, அந்தப் பொண்ணோடது. மூணு மடிப்பு துவாலை வச்சு அவ மூடி வச்சத நான் யாரு தொறக்கறதுக்கு? சொல்லி, இந்தம்மாவும் ‘சீக்கு’ன்னுட்டா? சொல்லாம விட்டா மட்டும் என்ன, ஞாயித்துக்கெழம எல்லாம் முடிஞ்சுடும். அவளும் என்ன மாதிரியே மெசின் முன்னால உக்காந்து கெழவி ஆவா.

எந்திரிச்சேன். கடைக் கதவச் சாத்துனேன். வேலாயிக்கா முன்னால போய் நின்னு வலது கையத் தூக்குனேன்.

“இங்க பாருங்கக்கா.”

அங்கியோட கைய மேல இழுத்து, உள்ள இருக்கற துண்டக் காட்டுனேன். காலையில ஒம்பது மணிக்கு மாத்துனது, ஊறிப் போய்க் கெடந்துச்சு. என் அம்மாவுக்கு அப்புறம் வேற யாரும் அதப் பாத்ததில்ல. எனக்கு வெக்கத்துல ஒடம்பே கூசுச்சு.

“தொட்டுப் பாருங்க. இது எனக்குப் பயத்துலயா வருது? உங்களப் பாத்து எனக்கென்ன பயம்?”

வேலாயிக்கா ஒரு விரலால தொட்டுப் பாத்தாங்க. நான் கருநீலப் பிளவுசோட உள்பக்கத்தத் திருப்பி அவங்க கையில குடுத்தேன். அவங்க அந்தத் துண்டத் தடவுனாங்க, பட்டனக் கழட்டி மாட்டிப் பாத்தாங்க. எனக்கு அந்த வான நீலச் சேலை ஞாபகம் வந்துச்சு.

“அப்ப,” அவங்க கொரல் கம்முச்சு, “அந்தப் புள்ளைக்கு என்னப் பாத்துப் பயமில்லையா?”

“இல்லக்கா. உங்க கை நனைஞ்சுடுமேன்னுதான் உருவிக்கிச்சு.”

“அடிப் பாவி மகளே! முப்பது வருசம் காட்டுல வேர்த்தவ கைடி இது. இதுக்கா அது ஒளிச்சு ஒளிச்சு வச்சுச்சு?” சொல்லிட்டு அந்தப் பிளவுச மடியில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. நான் காத்தாடிய அவங்க பக்கம் திருப்பி விட்டேன். வேற என்ன செய்ய?

மறுநாள் ரெண்டு பேருமா டவுன் கடைக்குப் போனோம். பில்லத் தொலைச்சதால ரோஸ் சேலைய மாத்தித் தர முடியாதுன்னுட்டாங்க. “கெடக்கட்டும்”ன்னு அதத் திரும்பப் பையில போட்டுக்கிட்டு, வேலாயிக்கா புதுசா ஒண்ணு எடுக்க உக்காந்தாங்க. ஒவ்வொரு சேலையா விரிச்சு, விரல நாக்குல தொட்டு ஓரத்துல வச்சு, “இது காட்டுது ஜெயா, இது காட்டல”ன்னு சத்தமா வேற. விக்கிற பொண்ணு ஷாமினி எங்களப் பைத்தியம் மாதிரி பாத்துச்சு. நான் ஒரு மொற மொறைச்சதும் திரும்பிக்கிச்சு. கடைசியா கரும்பச்சையில ஒடம்பு பூரா பொடிப் பொடியா ஜரிகைப் பூ போட்டது அமைஞ்சுது. பிளவுசுக்கு உள்ள பருத்தி லைனிங் குடுத்தேன், காத்தோட்டமா இருக்கக் கை தொளைய அரை விரல் எறக்கி வெட்டுனேன், கக்கத்துல அவ வச்ச மாதிரியே மூணு மடிப்பு துண்டு, அமுக்குற பட்டன். துண்ட மட்டும் வேலாயிக்கா தானே தைக்கறேன்னு அடம் பிடிச்சு, கோணலும் மாணலுமா தைச்சாங்க. பிரிச்சுத் தைக்கக் கை துறுதுறுன்னுச்சு, விட்டுட்டேன்.

பரிசத்துக்கு நான் போகல. கூட்டம்னா எனக்கு ஆகாது.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பொண்ணு கடை வாசல்ல வந்து நின்னுச்சு. கறுப்புச் சட்டை, கையக் கட்டிக்கிட்டு.

“ஜெயமணி ஆன்ட்டி?”

“ஆமா. என்ன வேணும்?”

“நான் தேவமலர், ஆன்ட்டி.”

நான் ஸ்டூல இழுத்துப் போட்டேன். அது உக்காராமலே பேசுச்சு. “பரிசத்தன்னிக்குச் சேலை மாத்த ரூமுக்குள்ள போனேன், ஆன்ட்டி. பிளவுசத் திருப்பிப் பாத்தேன். கோணலா தைச்ச துண்டு. என்னால அழுகைய அடக்க முடியல. அத்தை வந்து கதவச் சாத்திட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. உருவப் பாத்தேன், விடல. ‘இனி என்கிட்ட கையக் கட்டிக்கிட்டு உக்காந்தே, ஒத வாங்குவே’ன்னாங்க.”

பையிலேர்ந்து அந்த ரோஸ் சேலைய எடுத்து மெசின் மேல வச்சுச்சு. “அத்தை எனக்குன்னு மொதல்ல எடுத்தது இதாமே. இதுக்கு ஒரு பிளவுஸ் தைங்க, ஆன்ட்டி. கல்யாணம் முடிஞ்சு மொத தீபாவளிக்கு அவங்க முன்னாடி கட்டிக்கணும்.”

“இது ரோஸும்மா. நல்லாத் தெரியும்.”

“தெரியட்டும், ஆன்ட்டி.”

“உள்ள துண்டு?”

“வேணாம்.”

“சரி, அளவு பிளவுசக் குடு.”

“கொண்டு வரல. நீங்களே அளவு எடுத்துக்கங்க.”

கட்டுன கையப் பிரிச்சு ரெண்டையும் தூக்குச்சு. கறுப்பையும் மீறி ரெண்டு பக்கமும் இடுப்பு வரைக்கும் ஈரம். கைய எறக்கவே இல்ல. நான் டேப்ப எடுத்துக்கிட்டுக் கிட்ட போனேன். நம்பரு தெரியல, கண்ணு அப்படிக் கலங்கிருச்சு.

“ஆடாம நில்லு!”ன்னு ஒரு அதட்டு போட்டுட்டு, மறுபடி மொதல்லேர்ந்து அளந்தேன்.