எந்த ஏடிபி?

ஓர் உயிர் இரண்டாக வேண்டுமா? முதல் விலை ஒன்பது எழுத்து. டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சரத்தில் அந்த ஒன்பது எழுத்து எங்கே வருகிறதோ அங்கேதான் தொடக்கப் புரதம் உட்காரும். ஆய்வு மாணவி ஜவுளி ஆராய்ந்த பாக்டீரியாவில் அப்படிப் பதினொரு இருக்கை. மூன்றில் எழுத்து சுத்தம். கையில் சக்தி இல்லாவிட்டாலும் அந்தப் புரதம் வந்து அமரும். மற்ற எட்டில் எழுத்துப் பிசகு. ஏடிபி என்னும் சக்தியைக் கையில் வைத்திருக்கும் புரதம்தான், அதுவும் பக்கத்து ஆளின் தோளைப் பற்றிக்கொண்டுதான், அங்கே அமரும். எல்லாம் நிறைந்தால் சரம் பிரியும், நகலெடுப்பு தொடங்கும்.

ஜவுளியின் சோதனைப் படத்தில் ஆறாவது தடவையும் மூன்றுதான் நிறைந்திருந்தன. ஜவுளிக்கடைக்காரர் மகள் என்பதால் ஆய்வகம் வைத்த பெயர் அது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். எட்டும் நிறையலன்னா இத மூடிட்டு வேற தலைப்பு எடுத்துக்கோ,” என்றார் ஆய்வு வழிகாட்டியான மேடம்.

“நாலு வருஷ உழைப்பு மேடம்! திங்கள்னு வெச்சுக்கலாமே?”

“உங்கப்பா கடையா இது? வெள்ளி.”

சோதனைக் குழாய்களைச் சுற்றும் சுழலி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. மேசையில் தலை சாய்த்தவளுக்கு மதிய வெயிலில் கண் சொருகியது. சரம் வெண்பட்டாக விரிந்து அறையெங்கும் மிதந்தது. புரதங்கள் ஆடி அசைந்து வந்து, பட்டின் ஓரத்தை விரலிடையில் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கின.

“உக்காருங்கண்ணே, உங்க எழுத்துதான்,” என்றாள்.

“ரெண்டெழுத்து பிசகுதும்மா. வெறுங்கையோட எப்படி உக்கார்றது?”

“வெறுங்கையா? எல்லாருக்கும் ஏடிபி குடுத்தேனே!”

புரதம் சிரித்தது. “எந்த ஏடிபி?”

திடுக்கிட்டு எழுந்து உறைபெட்டியைத் திறந்தாள். இரண்டு குப்பிகள். ஒன்று முழுச் சக்தி. மற்றது செலவழிந்த சக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வாங்கியது. ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு வேறு: ஒன்றில் T, மற்றதில் D. தமிழில்தான் எழுதுவேன் என்று வீம்பாக அவள் ஒட்டிய சீட்டு இரண்டிலும் ‘ஏடிபி’.

“மேடம், டி காலை வாரிடுச்சு!”

“ஏன், சக்கரை போடலயா?”

விஷயம் கேட்டு மேடம் தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே இங்கிலீஷ்ல எழுது.”

“முடியாது மேடம்.” குப்பிகளில் ‘முழுசு’, ‘சக்கை’ என்று புதுச் சீட்டு ஒட்டிச் சோதனையை மறுபடி தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை படத்தை வெளிச்சத்தில் பிடித்து மேடம் பென்சிலால் எண்ணினார்.

“பிசகுல ஏழுதானே நிறைஞ்சிருக்கு? எட்டுன்னு பேச்சு.”

“அந்த ஒண்ணு திங்கக்கிழமை மேடம்.”

மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரி, திங்கள்.”

ஜவுளி நோட்டில் எழுதினாள்: சுத்தம் மூன்று, பிசகு ஏழு, ஆகப் பத்து. பாக்கி ஒன்று.