மீன்கடை பஸ்ரியன் கேட்ட வாக்கு

"விளைமீனுக்கு ஐஸ் காணுமோ?" என்று கேட்டார் என் கணவர்.

"காணும், போட்டது போதும்," என்றேன், திரும்பிப் பார்க்காமலே. வாடிக்கையாக வரும் புனிதவதி அன்ரிக்குப் பாரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். இவருக்கு என் சொல்லில் நம்பிக்கை இல்லைப்போலும். வாளியை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. வாளி விழுந்த சத்தம் கேட்டது. ஐஸ் கொட்டுப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த துண்டையும் வெட்டினேன்.

அந்தத் துண்டை ஏன் வெட்டினேன் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

என் கணவர் பஸ்ரியனுக்கு வயது அறுபத்தொன்று. மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவர் காலில் கிடந்த ரப்பர் சப்பாத்துகளைப் பையில் போட்டுத் தந்தாள். அவற்றில் செதில் ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது தேர்தல் காலம். ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கடை திறந்து இருபத்திரண்டு வருடங்களாக எந்தக் கட்சியின் விளம்பரப் பலகையும் அதன் கண்ணாடியில் ஏறியதில்லை. "மீன் வாங்க வாறவனுக்குக் கட்சி இருக்கலாம், விக்கிறவனுக்கு இருக்கக் கூடாது," என்பார். வேட்பாளர்கள் வருவார்கள். வரிசையைத் தாண்டி நேரே வந்து, ஈரக் கையுறையோடு இருக்கும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் மீன் நன்றாக விழும்.

நிலாணி அப்படி வரவில்லை. முதன்முறையாகப் போட்டியிட்ட வழக்கறிஞர் அவள். ஒரு சனிக்கிழமை வந்து, வாசலிலுள்ள இயந்திரத்தில் நம்பர் துண்டைக் கிழித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய எண் அறுபத்துநான்கு. நாங்கள் அப்போது நாற்பத்தெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். முறை வந்ததும் இரண்டு றாத்தல் சூடை மீன் வாங்கினாள், போனாள். ஒரு நோட்டீஸ்கூடத் தரவில்லை.

அடுத்த வாரம் இவராகவே அவளுக்குப் போன் அடித்து, "உங்கடை பலகையைக் கொண்டு வாங்கோ பிள்ளை," என்றார். நான் வாயைப் பிளந்தேன்.

இவருடைய தமையன் நீக்கிலாஸ், மற்றக் கட்சிக்குப் பலகை நட்டுத் திரிபவர், கடைக்கே வந்துவிட்டார். "மீன் விக்கிறவன் மீனை வில்லடா. உனக்கேன் உந்த வேலை?"

"அண்ணை, நீங்கள் நடுறதைக் கொஞ்சம் ஆழமா நடுங்கோ. போன முறை உங்கடை ஆள் முதல் காத்துக்கே விழுந்தவர்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீக்கிலாஸ் அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நிலாணி ஒரு நாள் வந்து இவர் பேசுவதைத் தன் போனில் பதிந்துகொண்டு போனாள். அது வாக்குக் கேட்கும் அழைப்பாகத் தமிழ் வீடுகளுக்குத் தொலைபேசியில் போகுமாம். நான் மீன் வெட்டும் வாள் மெஷினில் நின்றேன். என்ன பேசினார் என்று காது கொடுக்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். புதன்கிழமை பின்னேரம் வீடு நிறையச் சனம். செபமாலை முடிந்து தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டு ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"வணக்கம். நான் மீன்கடை பஸ்ரியன்."

"எங்கை நிக்கிறியள்?" என்றேன்.

அப்படித்தான் கேட்டேன். கடையில் பிந்தும்போது கேட்பதுபோல. அவர் எனக்குப் பதில் சொல்லாமல் தன்பாட்டில் பேசிக்கொண்டு போனார். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் ஸ்காபரோ முழுக்க அவர் பேசியிருக்கிறார். மகள் அன்ரனெற்றின் போன் ஓயவில்லை. புனிதவதி அன்ரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தா. "பிள்ளை, நான் ஒரு விசரி. அவற்றை குரலைக் கேட்டோடனை 'பாரை வந்திட்டுதோ தம்பி' எண்டெல்லோ கேட்டிட்டன்!" என்று சொல்லி அழுதா. அழுதுகொண்டிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதோம்.

அத்தானின் முகம் கறுத்துவிட்டது. "முப்பத்தோராம் நாள் பூசைகூட முடியேல்லை. செத்தவனைக் கொண்டு வோட்டுக் கேக்கிறாளவை!" அங்கேயே நின்று நிலாணியின் தேர்தல் அலுவலகத்துக்கு அடித்தார். "உடனை நிப்பாட்டுங்கோ. இருக்கிறதெல்லாத்தையும் அழியுங்கோ. இது குடும்பத்தின்ரை முடிவு."

நான் தட்டத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். வெறும் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

மறுநாள் காலையில்தான் அது எனக்கு உறைத்தது. என் போனில் அவருடைய குரலைத் தேடினேன். இல்லை. குரல் பதிவு அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. வீட்டு ரெலிபோனில் செய்தி பதியும் மெசின் மகளின் குரலில் பேசும். கலியாணம், பிறந்தநாள் வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான். ஒன்றிலும் அவர் இல்லை. முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதனின் குரல் அந்த ஒரு அழைப்பில் மட்டுமே இருந்திருக்கிறது. நான் அதைக் கேட்டு முடிக்காமல் வைத்துவிட்டேன். அத்தான் அழிக்கச் சொல்லிவிட்டார்.

நிலாணிக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

சனிக்கிழமை கடையைத் திறந்தோம். வீட்டில் இருக்க முடியவில்லை. பத்தரை மணிபோல நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் நிலாணி நின்றாள். கையில் நம்பர் துண்டு. நான் அவளைக் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று கூப்பிட்டேன். நாற்பத்தொன்று அவள்.

"அன்ரி, என்னிலை தான் பிழை. ரெலிபோன் கோல் அடிக்கிற கொம்பனிக்கு அங்கிள் இருக்கேக்கையே நாள் குடுத்தது. செத்த வீட்டுக்கு வந்திட்டுப் போயும் எனக்கு அது நினைவு வரேல்லை. போனிலை உங்களோடை கதைக்க முகமில்லை. அதுதான் நேரை வந்தனான்."

"எல்லாத்தையும் அழிச்சாச்சோ?"

"ஓம் அன்ரி. பெரியவர் சொன்ன உடனை."

கத்தியைப் பலகையில் வைத்தேன். 

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அனுப்பினதைத்தான் அழிச்சது," என்றாள் மெதுவாக. "அங்கிள் முதல் கதைச்சது, வெட்டாதது, என்ரை போனிலை இருக்கு. உங்களைக் கேக்காமல் அதை அழிக்க மனம் வரேல்லை."

அன்ரனெற்றிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு அவளைக் குளிர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். அவர் விழுந்த இடத்தில் நின்று கேட்டோம்.

"வணக்கம். நான் மீன்கடை பஸ்ரியன். இருபத்திரண்டு வருசமா ஒருத்தருக்கும் வோட்டுக் கேக்காத ஆள். இப்ப கேக்கிறன். இந்தப் பிள்ளை நம்பர் எடுத்து வரிசையிலை நிண்ட பிள்ளை. திங்கட்கிழமை போய்ப் போடுங்கோ. அண்டைக்குக் கடை பூட்டு. மீன் வாங்கப் போனனான் எண்டு சாட்டுச் சொல்லேலாது."

நிலாணியின் குரல்: "அங்கிள், கடை பூட்டு எண்டது தேவையோ?"

"அதெல்லோ முக்கியம்! செலீன்! திங்கட்கிழமை பூட்டுத்தானே?"

வாள் மெஷின் இரைச்சலுக்குள்ளிருந்து என் குரல் கத்தியது: "என்ன கேள்வி உது? எப்பவும் பூட்டுத்தானே!"

அவர் சிரித்தார். அதோடு முடிந்தது.

நான் அப்படிக் கத்தியது எனக்கு நினைவே இல்லை. அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, வாக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நிலாணி போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி என்னை அடையாளம் கண்டு, துக்கத்துக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, தயங்கிக் கேட்டார்:

"அக்கா, பின்னேரம் கடைக்கு வந்தால் அறக்குளா மீன் எடுக்கலாமோ?"

"இண்டைக்குத் திங்கட்கிழமை," என்றேன். "பூட்டு."