கறுப்புப் புள்ளி

காலை பத்தேகால் மணிக்குள் அவள் எண்ணூற்றுப் பன்னிரண்டு முறை ‘குப்பை’ பொத்தானை அழுத்தியிருந்தாள். வேலையே அதுதான். மலைமேல் இருக்கும் தொலைநோக்கி எடுத்து அனுப்பும் புதிய படத்திலிருந்து, அதே இடத்தின் பழைய படத்தைக் கணினி கழித்துவிடும். மாறாதவை எல்லாம் மறைந்துபோகும். மிச்சம் நிற்பவை தபால்தலை அளவுச் சதுரங்களாக அவள் திரையில் வரிசைகட்டும். வெடித்த நட்சத்திரம் என்று தோன்றினால் ‘நிஜம்’. கேமராப் பழுது, செயற்கைக்கோள், தூசி என்றால் ‘குப்பை’. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குப்பைதான். ஆறு வருடங்களாக அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குப்பை அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அடுத்த சதுரத்தில் இருந்தது கறுப்புப் புள்ளி. பழைய படத்தில் இருந்த வெளிச்சம் இப்போது குறைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். புதிதாக எரிவதைத் தேடுகிறவர்கள் அணைவதைப் பார்ப்பதில்லை. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தின் எண் எங்கேயோ பார்த்ததாக உறுத்தியது. தேடிப் பார்த்தாள். மூன்றரை மாதங்களில் அதே இடத்தை ஒன்பது முறை குப்பையில் போட்டிருந்தாள். முதலில் மங்கலான வெள்ளை, பிறகு கொஞ்சம் தெளிவான வெள்ளை, மறுபடி மங்கல், போன வாரம் அந்த இடம் திரைக்கே வரவில்லை. இன்று கறுப்பு.

கழிக்கும் படத்தின் தேதியைப் பார்த்தாள். அதுவும் மூன்றரை மாதங்களுக்கு முந்தையது. புதுக் கேமரா பொருத்துவதற்காக இரண்டு மாதம் மூடிக்கிடந்த தொலைநோக்கி திறந்ததும் கிடைத்த முதல் துல்லியமான படம். இனி இதையே வைத்துக் கழிக்கலாம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அவள்தான்.

“ஸ்க்ரூ, இங்க வா. ஓடி வா.”

ஸ்க்ரூ என்று பட்டப்பெயர் வாங்கிய, கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் நாற்காலியோடு உருண்டு வந்தான். “என்னக்கா, குப்பையில தங்கம் கிடைச்சுதா?”

“இந்த இடத்துக்குப் பழைய கேமரா படத்தை வச்சுக் கழி.”

“அது புகை மூட்டமா இருக்கும்னு நீங்கதானே தூக்கிப் போடச் சொன்னீங்க?”

“சொன்னேன். இப்ப எடுன்னும் நான்தானே சொல்றேன்?”

நான்கு நிமிடம் ஆனது. கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளை வந்தது. மங்கல் இல்லை, விளிம்பு வழியும் வெள்ளை. ஒன்பது நாட்களின் படங்களையும் அப்படியே கழித்து, வெளிச்சத்தை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தான். ஏற்றம், உச்சி, இறக்கம்.

“அம்மாடி! மலை மாதிரி நிக்குது” என்றான்.

அவள் வரைபடத்தின் நாட்களை எண்ணினாள். சாதாரணமாக வெடிக்கும் நட்சத்திரம் மூன்று வாரத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். சூரியனைப்போலப் பல பத்து மடங்கு எடையோடு பிறந்து, ஹைட்ரஜன் மேலாடைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெடிக்கிற சில நட்சத்திரங்கள் மட்டும் மாதக்கணக்கில் ஏறும். மற்றவற்றைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு எரியும். அவற்றின் ஒளி நீலத்தில்தான் தடித்திருக்கும், ஆக்சிஜன் விழுங்கிய இடங்களில் மட்டும் குழியும். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னும் வாதம் தீரவில்லை. அப்படி ஒன்று, கேமரா மாற்றிய இடைவெளியில் ஏறத் தொடங்கி, அவள் தேர்ந்தெடுத்த படத்துக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் கணினி அந்த நட்சத்திரத்திலிருந்து அந்த நட்சத்திரத்தையே கழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான் அது எது, எவ்வளவு தொலைவு என்று சொல்ல முடியும். வானத்தின் அந்தப் பகுதி மேற்கே சரிந்துகொண்டிருந்தது. இன்று சூரியன் மறைந்ததும் இருபது நிமிடம் தெரியும். நாளையிலிருந்து மேகம் என்றார்கள். அப்புறம் அது சூரியனுக்குப் பின்னால் போய், ஐந்து மாதம் கழித்து வெளியே வரும்போது பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அன்றிரவு தொலைநோக்கி எதையெதைப் பார்க்கும் என்ற பட்டியல் ஒரு மணிக்கு மூடப்படும். பட்டியல் போடுகிறவரை அவள் தொலைபேசியில் பிடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

“சாயங்காலம் முதல் அரை மணி நேரம் வால்நட்சத்திரக்காரருக்கு எழுதியாச்சும்மா. மூணரை மாசமா தூங்கிட்டு இப்ப வந்து கேக்கறீங்களே?”

“தூங்கல சார். தப்புப் பண்ணிட்டேன்.” படம் எப்படித் தேர்வானது என்பதை ஒரே மூச்சில் சொன்னாள்.

மறுமுனையில் பேனா தட்டும் சத்தம் கேட்டது. “அப்படின்னா அந்த மாசம் நீங்க குடுத்த மத்த படங்க?”

“நானூத்திப் பத்து. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்.”

“இதை எழுத்துல குடுப்பீங்களா? கேக்கறவங்களுக்கு நான் காட்டணும்.”

“இப்பவே அனுப்பறேன் சார். வால்நட்சத்திரம் அடுத்த வாரமும் இருக்கும். இது இருக்காது.”

“அந்த மனுஷன் என்னைக் கடிச்சுத் துப்புவார்” என்றார் அவர். பிறகு, “இருபது நிமிஷம். ஒரு நொடி கூடக் கிடையாது.”

மூன்று வரியில் எழுதி அனுப்பினாள். ‘தேர்வு என்னுடையது’ என்ற வரியை மட்டும் இருமுறை படித்தாள், மாற்றவில்லை.

மாலை ஐந்தரைக்குக் கணவன் கூப்பிட்டான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். “வாசல்ல நிக்கறேன். உன் ஷிப்ட் முடிஞ்சு அரை மணி நேரமாச்சு, இன்னும் என்ன பண்றே?”

“ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குங்க.”

“அது செத்துப் பல கோடி வருஷம் ஆகியிருக்கும்னு நீதானே சொல்லுவே? அதுக்கு இன்னிக்கு என்ன அவசரம்?”

“செத்தது அப்ப. சேதி வந்தது இப்ப. மேல வாங்க, வந்து பாருங்க.”

வந்தவன் சீருடையோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சூரியன் மறைந்ததும் ஸ்க்ரூ ஒலிபெருக்கியைத் திறந்தான். மலையில் தொலைநோக்கியை இயக்குகிறவரின் குரல் வந்தது: “ரொம்பத் தாழ்வா இருக்கு மேடம். இவ்வளவு கீழ நான் இதைத் திருப்பினதே இல்ல. நீலத்தையெல்லாம் காத்தே தின்னுடும். பரவாயில்லையா?”

“கிடைக்கிற வரைக்கும் எடுங்க.”

திரையின் ஓரத்தில் இருபது நிமிடம் ஒவ்வொரு நொடியாகக் குறைந்தது. கணவன் ஒருமுறை தண்ணீர் குடித்தான். ஒலிபெருக்கியில், கேமராவின் கதவு மூடும் மோட்டார் உறுமியது. திரையில் படம் வலது ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக நிரம்பத் தொடங்கியது. முதலில் சிவப்பு முனை. வெறும் புள்ளிச் சிதறல், அதன் நடுவே மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு.

“இதுவா?” என்றான் கணவன்.

“இதுதான்.”

கோடு இடது பக்கம் நகர்ந்தது. மஞ்சள் வந்தது, பச்சை வந்தது. ஹைட்ரஜன் இருந்தால் தெரியவேண்டிய தடம் எங்கும் இல்லை. ஸ்க்ரூ எழுந்து நின்றுவிட்டான். காற்று தின்றிருக்க வேண்டிய நீலத்துக்குள் கோடு நுழைந்தது. அது மெலியவில்லை. இரண்டு இடத்தில் லேசாகக் குழிந்து, மறுபடி தடித்து, நிரம்பாத ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.