மூன்றாம் பக்கத்துப் புகேக்கோ

"நான் அந்த ஃபோல்டரைச் சொல்லவே இல்ல—"

"'செயற்குழு'ன்னு சொன்ன. அந்தப் பேர்ல ஒண்ணு இருந்துச்சு, அனுப்பிட்டேன்—"

"போட்டோ எல்லாம் 'செயற்குழு புதுசு'ல இருந்துச்சு ராம். ஒரு தடவை திறந்து பாத்திருந்தா—"

"பிரிண்டர்காரன் ரெண்டு மணிக்குள்ள வேணும்னு குதிக்கிறான். நான் ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துகிட்டு அனுப்புறேன். இதுல திறந்து வேற பாக்கணுமா."

பிளாட் புஷ் என்ற புறநகரில், ரத்னா – ராம்பிரசாத் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழ்ச் சங்கத்தின் 2014 ஆண்டு விழா மலர் விரிந்து கிடந்தது. முந்தின நாள் விழா முடிந்து கிளம்பியவர்கள் கையில் வாசலில் வைத்துக் கொடுத்தது. இருநூறு பிரதி. இவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காப்பியோடுதான் பிரித்தார்கள். காப்பி ஆறிவிட்டது.

நூலகம் கழித்து விற்ற புத்தகங்களில் ரத்னா வாங்கிவந்த பழைய பிரெஞ்சுப் படப்புத்தகத்தில் தொடங்கிய வினை இது. எழுத்து ஒன்றும் புரியாது, படம் போதும். கோட்டுப் போட்ட தவளை நாடி பார்க்கும். நீளக் கவுன் போட்ட இரண்டு ரோஜாக்கள் மூன்றாவது ரோஜாவைப் பற்றிப் புறம் பேசும். அதைப் பார்த்துப் பார்த்து, செயற்குழுக் கூட்டங்களில் குறிப்பெழுத உட்கார்ந்த ரத்னாவின் கை, குறிப்பேட்டின் ஓரத்தில் செயற்குழுக்காரர்களை விலங்கும் பறவையும் பூவுமாக வரைய ஆரம்பித்தது.

"வரைஞ்சதுதான் வரைஞ்ச. ஸ்கேன் பண்ணி அந்த ஃபோல்டர்ல வேற வச்சிருக்க."

"நம்ம ரெண்டு பேரும் சிரிக்கத்தானே வச்சிருந்தேன். நீங்களும்தான் சிரிச்சீங்க."

அச்சகத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் எங்கெங்கே இடம் காலியோ அங்கெல்லாம் ஒரு படத்தை வைத்துவிட்டார். நன்றியுரைக்குப் பக்கத்தில் ஓர் ஆடு கூட்டக் குறிப்பை மென்றுகொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில், தலைவர் செல்வரத்தினத்தின் வாழ்த்துரைக்குக் கீழேயே, ஒரு புகேக்கோ. மழை விட்டதும் பூங்காப் புல்லில் நீல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்குமே, அந்தப் பறவை. வெயிஸ்ட்கோட் போட்டு, சிவப்புக் கால்களை அகட்டி வைத்து, அலகால் மைக்கைத் தட்டிப் பார்த்தது. பக்கத்தில் காஞ்சிபுரம் பட்டு உடுத்திய ஹைட்ரேஞ்சியாப் பூ ஒன்று, தலை தொங்கித் தூங்கியது.

"இந்த ஊருக்கு வந்து இறங்கினப்ப மூணு மாசம் செல்வரத்தினம் அங்கிள் வீட்டு மாடி ரூம்லதான் இருந்தோம். ஆன்ட்டிதான் எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தாங்க. இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கறது அவங்க ரெண்டு பேரு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"நீ போக வேண்டாம். அவங்களே வந்துட்டாங்க."

வாசலில் கார் நின்றது.

"மலரை எடுத்து உள்ள வைங்க."

"எதுக்கு? அவர் கையிலயே ஒண்ணு இருக்கு."

செல்வரத்தினம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, சோபாவில் கால்களை அகட்டி உட்கார்ந்தார். பின்னால் மனைவி சுந்தரி, கையில் ஒரு டப்பாவோடு.

"இந்தப் படங்கள் ஆர் கீறினது?"

ராம்பிரசாத் மின்விசிறியைப் பார்த்தான்.

"நான்தான் அங்கிள். தெரியாம அச்சுக்குப் போயிடுச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதிலை என்ன தப்பு? நான் காலமை துவக்கம் சிரிச்சுக்கொண்டு இருக்கிறன். இந்த ஆடு எங்கடை செயற்குழுச் சபாரத்தினம். அச்சொட்டு அவன்தான். போன் எடுத்துச் சொன்னன், அவனும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆனால் அவனுக்கு ஆடு இராசரத்தினமாம்."

"அப்படியா அங்கிள்."

"ஆனால் இந்தப் புகேக்கோதான் எனக்குப் பிடிபடேல்லை. ஆரது?" என்று படத்தை விரலால் மூன்று முறை தட்டினார். மேடையில் மைக்கைத் தட்டுவதும் மூன்று முறைதான்.

ரத்னா ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"உதுதான் இராசரத்தினம்" என்றார் சுந்தரி, டப்பாவை மேசையில் வைத்தபடி. "நீங்கள் முதலிலை கண்ணாடியை மாத்துங்கோ."

"ஓம், ஓம். நெஞ்சை நிமித்திற நிமித்து. மைக்கைக் கண்டால் இறங்கமாட்டான்." செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு மறுபடி கிளம்பிவிட்டது. "பிள்ளை, அடுத்த வருசமும் நீர்தான் கீறவேணும். போட்டோவை ஆர் பாக்கினம்?"

"டீ போடறேன்" என்று ராம்பிரசாத் ஏறக்குறைய ஓடினான். சமையலறையில் அவன் குழாயைத் திறந்து, காரணமே இல்லாமல் முகம் கழுவுவது கேட்டது. ரத்னாவுக்கு அப்போதுதான் பசித்தது. டப்பாவைத் திறந்தாள், நேற்றைய விழா வடை. நின்றபடியே இரண்டைத் தின்றாள்.

டீ குடித்துக் கிளம்பும்போது செல்வரத்தினம் முதலில் போய்க் காரை எடுத்தார். சுந்தரி செருப்பில் ஒரு காலை நுழைத்தவர், மறு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு ரத்னாவின் கையைப் பிடித்தார்.

"உந்தப் பூ கட்டியிருக்கிற சீலை என்ரைதான். கரை கூடப் பிசகேல்லை."

"ஆன்ட்டி, அது வந்து—"

"அவருக்கு விளங்காது. நீர் அதை விடும்."

கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. சுந்தரி வாசலைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"அவர் கதைக்கேக்கை நான் நித்திரை கொள்ளுறது நீர் மட்டுமோ கண்டனீர், இல்லாட்டி எல்லாரும் கண்டவையோ?"