மச்சான் பிடித்த கயிறு

முத்துக் குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். தன் தங்கையை விதவையாக்க எவனும் துணியமாட்டான் என்ற நம்பிக்கை. அதனால்தான் தங்கை புருஷன் மதாரைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் பிடிக்காத கனி, நாலு முத்துக்குளிப்புக் காலத்திலும் அவன் கயிற்றைப் பிடித்தான். மதார் அடித்துத் தங்கை சபியாவின் கன்னம் வீங்கிய நாளிலும் பிடித்தான்.

திருக்கை மீனின் முள் குத்தி அழுகிய காலை வெட்டியெடுக்க ஆஸ்பத்திரி மேசையில் கிடத்தியபோதும் மதார் கனியின் கையை விடவில்லை.

"வெளியில போடா," என்று கனியை விரட்டினார் ஆஸ்பத்திரி வைத்தியரான அப்போதிக்கரி.

"போகமாட்டன்."

குளோரோபோம் துணி மூக்கில் பட்டதும், மதார் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டான். "மூதேவிக்கு மயக்கம் ஏறுதில்லை," என்று அப்போதிக்கரி மேலும் மேலும் ஊற்றினார்.

கனிக்குத் தெரியும்: மூச்சு முட்டினால் மதார் நெஞ்சு நிறைய ஒரே இழுவையாக இழுப்பான். இந்தத் துணியில் இழுத்தால் ஆள் முடிந்தான். பேசாமல் நின்றால் போதும், சபியாவுக்கு நிம்மதி.

மதாரின் கை கனியின் கையை இரண்டு தரம் இழுத்தது. கடலில் அதற்கு 'தூக்கு' என்று அர்த்தம். யோசிக்குமுன்பே கனி துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டான்.

"நாயே!" என்று கத்தினார் அப்போதிக்கரி.

"மூச்சடக்கிறவனுக்கு ஊத்திக் கொல்லப் பாத்தது ஆர்? சொட்டுச் சொட்டா விடும்!"

பின்னேரம் கண் விழித்த மதார், கால் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் கத்தினான்: "பாத்துக்கொண்டு நிண்டனியோடா? கூப்பிடு உன்ர தங்கச்சியை, அவளுக்கு இருக்கு!"

"கூப்பிடுறன்," என்றான் கனி. "முதல்ல எழும்பி நில்லு, மச்சான்."