ஏழுக்கு நாலு

அறுபத்து நாலில், டில்லியில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட அன்று நான் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைந்து கனத்தது. என்னைப் பற்றித்தான் அங்கே பேசி முடிக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடு விற்கப் போகிறவன்கூட மாட்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டுதான் போவான்.

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்து ஜெயரத்தினம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் பத்திரிகையோடு பெரட்டுக் களத்துக்கு வந்தார். காலையில் ஆட்களை நிறுத்தி, எந்த மலைக்கு எத்தனை பேர் என்று கணக்கப்பிள்ளை பிரித்து அனுப்புகிற இடம் அது. கூடையோடு நாங்கள் நிற்க, மாஸ்டர் வாசித்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று மொத்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேராம் நாங்கள். அதில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். மூன்று லட்சம் பேர் இங்கே இருக்கலாம். மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். மிஞ்சின சோற்றைத்தான் நாங்கள் அப்படிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைப்போம்.

என் தம்பி வீரய்யா எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். அவன் களத்தின் நடுவே வந்து நின்று கத்தினான்.

"நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா? இந்த மலைய வெட்டித் தேயில வச்சது யாரு? நம்ம தலைவிதிய நம்மகிட்ட கேக்காம எழுத இவங்க யாரு?"

எல்லோரும் கை தட்டினோம். நானும் கை வலிக்கத் தட்டினேன். நாற்பத்தேழில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டவள் நான். அடுத்த வருஷம் பிரஜாவுரிமையைப் பிடுங்கினார்கள், பிறகு ஓட்டையும் பிடுங்கினார்கள். பதினாறு வருஷமாக என் மனசுக்குள் கிடந்ததை என் தம்பி வாய் விட்டுச் சொல்கிறான் என்று பெருமை தாங்கவில்லை எனக்கு.

அந்தப் பெருமை இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

ஹட்டனில் இருக்கிற தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எத்தனை குடும்பம் போகும், எத்தனை குடும்பம் இருக்கும் என்று ஒவ்வொரு தோட்டமும் பட்டியல் அனுப்ப வேண்டுமாம். எங்கள் தோட்டக் கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள். சந்தாவை மட்டும் நாங்களும் கட்டலாம். ஏழு பேர் அங்கே போனால் நாலு பேர் இங்கே இருக்கலாம் என்ற கணக்கைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அது எங்கள் தோட்டத்துக்கும் வந்த உத்தரவு என்று அந்த ஒன்பது பேரும் முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் நூற்றுப்பத்துக் குடும்பம். எழுபது போகணும், நாற்பது இருக்கணும். இந்த மலைக்கு முப்பது ஆள், அந்த மலைக்கு இருபது ஆள் என்று தினம் காலையில் ஆள் பிரிக்கிற இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்?

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தலைவர், உது முழு நாட்டுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. தோட்டம் தோட்டமாப் பங்கு பிரிக்கச் சொல்லி ஒருதரும் சொல்லேல்லை. ஆக்களிட்ட கேட்டு எழுதுங்கோ."

"நூத்திப்பத்துக் குடும்பத்தக் கேட்டா நூத்திப்பத்து ரோதனை மாஸ்டர்" என்றான் வீரய்யா. "இதெல்லாம் விவரம் தெரிஞ்சவங்க முடிவு பண்ண வேண்டியது."

டில்லியில் உட்கார்ந்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

யாரைப் போகச் சொல்வது? அந்தப் பழியைச் சுமக்க ஒன்பது பேருக்கும் தைரியமில்லை. அதனால் மாரியம்மன் தலையில் போட்டார்கள். பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்மானமானது. கல்யாணத்துக்கும் காணாமற்போன மாட்டுக்கும் பார்க்கிற மாதிரி, சிவப்புப் பூ வந்தால் போக வேண்டும், வெள்ளைப் பூ வந்தால் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் தோட்டமே திரண்டிருந்தது. பூசாரி தாம்பாளம் நிறையச் சின்னச் சின்னப் பொட்டலங்களைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைத்தார். குடும்பத்துக்கு ஒரு ஆண்பிள்ளை போய் எடுக்க வேண்டும். சிவப்பு வந்தவன் பெண்சாதி தரையில் விழுந்து அழுதாள். வெள்ளை வந்தவர்கள் சிரிக்கவும் பயந்து பொட்டலத்தை மடியில் ஒளித்தார்கள். என் மகள் ராசம்மாவின் புருஷனுக்கு வெள்ளை வந்தது. வீரய்யாவுக்கும் வெள்ளை. என் பேரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே நின்றேன். தாம்பாளம் காலியானது.

"என்னய இன்னும் கூப்பிடலையே தம்பி?"

வீரய்யா என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். "ஆம்பள இல்லாத குடும்பம் ஒன்பது இருக்குக்கா. அவங்கள நேராப் போற பட்டியல்ல போட்டாச்சு. கமிட்டி முடிவு."

என் புருஷன் கொட்டும் மழையில் மண் சரிந்து செத்தான். ஆறு வருஷமாக நான் ஒற்றை ஆளாக ஒரு குடும்பம். இதே மலைநாட்டில், டயகமவில் பிறந்தவள் நான். இந்தியாவில் என்னைத் தெரிந்த ஒரு நாய்கூடக் கிடையாது. எனக்கு இருப்பது ராசம்மா ஒருத்தி. அவளுக்கு ஐந்து மாசம். அவள் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டியவளை, கூடப் பிறந்தவனே எங்கேயோ அனுப்பப் போகிறான். அம்மனிடம் ஒரு பொட்டலம் எடுக்கக்கூட எனக்கு அருகதையில்லையாம்.

"நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களான்னு களத்துல நின்னு கத்தினியேடா. நீ கேட்டியா?"

"சத்தம் போடாதக்கா. கோயிலு."

"அம்மனும் கேக்கட்டும்! அவ பேரச் சொல்லித்தானடா எங்க கழுத்த அறுக்குறீங்க?"

கமிட்டிச் செயலாளர் கந்தப்பன் குறுக்கே வந்தான். "பொம்பள பேசுற எடமா இது? எதுன்னாலும் எழுதிக் குடு, அடுத்த கூட்டத்துல பாப்போம்."

எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கைநாட்டுக்காரியிடம் சொல்கிறான். அவன் வேட்டியை உருவி விட்டிருப்பேன், ராசம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் ஏறி இறங்கினேன். மற்ற எட்டு விதவைகளையும் பார்த்தேன். பிறகு சிவப்பு வந்த வீட்டுப் பெண்கள், பிறகு வெள்ளை வந்த வீட்டுப் பெண்கள். வீரய்யாவின் பெண்சாதி மீனம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். நான் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் ஏசி முடிப்பதற்குள் மீனம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது. நூற்றைம்பது பெண்கள் களத்தில் உட்கார்ந்தால் கொழுந்து தானாக நடந்து ஃபெக்டரிக்குப் போகுமா?

வீரய்யா ஓடி வந்தான். "சங்கம் சொல்லாம வேலைநிறுத்தம் பண்ணக் கூடாதுக்கா! துரை என்னயத்தான் கேப்பாரு!"

"அப்ப துரைக்கிட்ட சொல்லு, இது உங்களோட சண்ட இல்லீங்க, எங்க கமிட்டியோடன்னு."

"என்னதான் வேணும் உனக்கு? உன் பேர எடுத்துடுறேன். போதுமா?"

அவனை அறைந்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, தோட்டத் தலைவரை. இப்போது நினைத்தாலும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

"என் பேர எடுத்துட்டு வேற ஒருத்தி பேர எழுதுவே. ஏழுக்கு நாலு வரணுமில்ல? கிழிச்சுப் போடு அத. வாசல் வாசலாப் போ. போறியா, இருக்கியான்னு ஒவ்வொருத்தரா கேளு. பொம்பளைங்களையும் கேளு. அவங்க சொல்றத எழுது."

மறுநாள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். பச்சைக் கொழுந்து இல்லாமல் ஃபெக்டரி நின்றது. துரை கமிட்டியைக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ, ஒன்பது பேரும் முகம் செத்துத் திரும்பி வந்தார்கள். வீரய்யா எங்கள் முன்னாலேயே அந்தக் காகிதத்தைக் கிழித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். நானும் கூடவே போனேன். அவனை நம்பித் தனியாக விட நான் என்ன பைத்தியமா?

முதல் லயத்தின் முதல் அறையில், அந்தக் காம்பராவில் சோலைமலைக் கிழவர் இருந்தார். "பெரியப்பா, இந்தியாவுக்குப் போறீங்களா, இங்கயே இருக்கீங்களா?" என்று வீரய்யா கேட்டான். கிழவர் எழுந்து கிட்டே வந்தார்.

"இன்னொரு தடவ கேளு தம்பி."

காது கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தமாகக் கேட்டான்.

"காதெல்லாம் நல்லா கேக்குது. எழுவது வருசத்துல என்னய யாரும் இப்பிடிக் கேட்டதில்ல. அதான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கோயிலில்கூட வராத அழுகை. கிழவர் இருக்கிறேன் என்றார், எழுதினான். அடுத்த காம்பராவில் புருஷன் போகிறேன் என்றான், பெண்சாதி மாட்டேன் என்றாள். இரண்டையும் எழுதச் சொன்னேன். துறையூர்ப் பக்கம் காணி இருக்கிறது என்று ஒரு குடும்பமே சந்தோஷமாகப் போகிறேன் என்றது. என்னைக் கேட்டான். "இருக்கேன்" என்றேன். ஏழுக்கு நாலு எங்கேயும் வரவில்லை. இதை ஹட்டனில் வாசிப்பார்களா, அடுப்பில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்களைக் கேட்டு எழுதின ஒரு காகிதம் அவர்கள் கைக்குப் போகும்.

கடைசியாக வீரய்யாவின் வீடு. அவன் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, இருவர் இருப்பதாக எழுதிக் கொப்பியை மூடப் போனான்.

"கேளு" என்றேன்.

"இதையுமா கேக்கணும்? என் பொண்டாட்டிக்கா."

"கேளுடா."

சிரித்துக்கொண்டே கேட்டான். "என்ன மீனம்மா, போறியா, இருக்கியா?"

மீனம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் இந்தியாவுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தான் அவளை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் ஊருக்குப் போனதில்லை.

"நான் போறேங்க" என்றாள். "எங்கம்மா இன்னும் உசுரோட இருக்கு."

வீரய்யாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "வெளையாடாத. நான் இங்க இருக்கேன்ல?"

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அடிபட்டால் இப்படித்தான் பார்ப்பான். மீனம்மா போய்விட்டால் என் தம்பி தனி ஆள். வேண்டாம் தாயீ, இரு என்று அவள் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால், கமிட்டி ஒன்பது பேரோடு நான் பத்தாவது ஆள்.

"எழுதுடா" என்றேன்.